உழைப்பின் கூலிக்கும் ஒரு காலக்கெடு

உழைத்தவனுக்குக் கூலி சேர வேண்டும் என்பதில் இரு வேறு கருத்துகளுக்கு இடமில்லை. ஆனால், அந்தக் கூலியைக் கேட்டுப் பெறுகின்ற உரிமைக்கும் ஓர் ஆயுள் உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? நியாயம் நம் பக்கம் இருந்தாலும், நாள் கடந்துவிட்டால் அந்த நியாயத்துக்கு வலு குறைந்துவிடுகிறது. கட்டடத் தொழிலில் இது இன்னும் கடுமையான உண்மை.

நாங்கள் வாழ்வது கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில், டொராண்டோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில். என் கணவர் டைல்ஸ் பதிக்கும் தொழில் செய்கிறார். பெரிய ஒப்பந்தக்காரர்கள் எடுக்கின்ற வேலையில் தரையும் சுவரும் இவர் பொறுப்பு. இவருடன் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். பில் எழுதுவது, வரவு செலவு பார்ப்பது, வர வேண்டிய பாக்கியைக் குறித்து வைப்பது எல்லாம் கடந்த எட்டு ஆண்டுகளாக என் பொறுப்பு. அந்தப் பொறுப்பு என் கைக்கு வந்ததற்கே ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

இங்குள்ள கட்டடத் தொழிலாளர்களின் பேச்சில் அடிக்கடி அடிபடுகின்ற சொல் 'லியன்'. தமிழில் பற்றுரிமை என்று கூறலாம். ஒருவர் ஒரு கட்டடத்தில் வேலை செய்கிறார், அல்லது அதற்குப் பொருள் கொடுக்கிறார். அதற்குரிய பணம் அவருக்கு வந்து சேரவில்லை. அப்போது, அந்தப் பாக்கிக்கு ஈடாக அந்த நிலத்தின் மீதும் கட்டடத்தின் மீதும் தமக்குள்ள உரிமையைப் பதிவு செய்துகொள்ளச் சட்டம் அவருக்கு இடம் அளிக்கிறது. பதிவு செய்தபின், அந்தச் சொத்தை விற்பதும் அடமானம் வைப்பதும் எளிதல்ல. இறுதியில், நீதிமன்ற உத்தரவின் பேரில் சொத்தை விற்றும்கூடப் பாக்கியைத் தீர்க்க வழி உண்டு.

எதற்காக இப்படி ஓர் உரிமை?

துணி வியாபாரி விற்ற துணியின் பணம் வராவிட்டால் அடுத்த முறை கடன் கொடுக்க மாட்டார். நகை செய்பவர் கூலி பெறாமல் நகையைக் கையை விட்டுக் கொடுக்க மாட்டார். ஆனால், சுவரில் பதித்த டைல்ஸைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு வர முடியுமா? கலந்து ஊற்றிய சிமெண்டைத் திரும்ப மூட்டையில் கட்ட முடியுமா? கட்டடத் தொழிலாளியின் உழைப்பு செய்த அந்தக் கணத்திலேயே வேறொருவரின் நிலத்தோடு ஒட்டிப் போகிறது. இந்த நிலையை உணர்ந்துதான் பற்றுரிமைச் சட்டங்கள் பிறந்தன.

அமெரிக்காவில், வாஷிங்டன் தலைநகரம் உருவாகிக் கொண்டிருந்த காலத்தில், 1791ஆம் ஆண்டு மேரிலாந்து மாநிலம் இத்தகைய முதல் சட்டத்தை இயற்றியது. புதிய நகரைக் கட்ட வேலையாட்கள் அச்சமின்றி முன்வர வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஒன்டாரியோவில் 1873ஆம் ஆண்டு இச்சட்டம் வந்தது. 1983ஆம் ஆண்டு அது முழுமையாகத் திருத்தி எழுதப்பட்டது. பின்னர் மீண்டும் ஆராயப்பட்டு, 2018 ஜூலை 1 முதல் 'கட்டுமானச் சட்டம்' என்ற புதுப் பெயருடன் நடைமுறையில் இருந்து வருகிறது.

உரிமை வலிமையானது, ஆனால் அதன் ஆயுள் மிகக் குறுகியது. இரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். வீட்டுக்காரர், அந்த வீட்டை வாங்க விரும்புகிறவர், கடன் கொடுக்கின்ற வங்கி ஆகிய மூவருக்கும் இந்தச் சொத்தின் மீது இனி எவரும் உரிமை கோரி வரமாட்டார்கள் என்று உறுதி கொள்ள ஒரு நாள் வேண்டுமல்லவா? அந்த நாளைச் சட்டம் தயவு தாட்சண்யமின்றிக் குறித்து வைத்திருக்கிறது.

நாற்பத்தைந்தும் அறுபதும்

2018 ஜூலைக்கு முன்னர் செய்துகொண்ட ஒப்பந்தங்களுக்கு அந்த ஆயுள் 45 நாள். அதற்குப் பின்னர் செய்த ஒப்பந்தங்களுக்கு 60 நாள். இந்த நாட்களுக்குள் பற்றுரிமையைப் பதிவு செய்தாக வேண்டும்.

எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதே இதில் முக்கியமான கேள்வி. வீட்டுக்காரருடன் நேரடியாக ஒப்பந்தம் செய்த முதல் ஒப்பந்தக்காரருக்கு ஒரு கணக்கு; அவருக்குக் கீழே வேலை செய்கின்ற என் கணவரைப் போன்ற துணை ஒப்பந்தக்காரருக்கு வேறொரு கணக்கு. முதல்வருக்கு, வேலை பெருமளவு முடிந்தது என்ற சான்றிதழ் தொழில் இதழில் வெளியான நாள், அல்லது ஒப்பந்தம் முடிந்த நாள், கைவிடப்பட்ட நாள், முறிக்கப்பட்ட நாள். இவற்றில் எது முந்தியதோ அதிலிருந்து 60 நாள். துணை ஒப்பந்தக்காரருக்குப் பெரும்பாலும் அவர் கடைசியாக வேலை செய்த நாள், அல்லது கடைசியாகப் பொருள் கொடுத்த நாள்தான் தொடக்கம். ஆனால், மேற்சொன்ன சான்றிதழ் அதற்கு முன்னதாகவே வெளியாகிவிட்டால், அதுவரை செய்த வேலைக்கு அந்த நாளிலிருந்தே எண்ணிக்கை தொடங்கிவிடும். பில் கொடுத்த நாளிலிருந்து அல்ல. பணம் தருகிறேன் என்று அவர் வாக்களித்த நாளிலிருந்தும் அல்ல. இதை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

பதிவு செய்வது முதல் படி மட்டுமே. பதிவுக்குரிய கடைசி நாளிலிருந்து மேலும் 90 நாட்களுக்குள் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, வழக்குத் தொடுத்ததற்கான சான்றையும் நிலப் பதிவில் ஏற்ற வேண்டும். பழைய சட்டத்தில் இதற்கும் 45 நாள்தான். அதன் பின்னரும், வழக்குத் தொடுத்து இரண்டு ஆண்டுகளுக்குள் விசாரணைக்கு நாள் குறிக்கப்படவில்லையென்றால் பற்றுரிமை அற்றுப் போகும். அரசுக்கோ நகராட்சிக்கோ உரிய இடமாக இருந்தால் நிலத்தின் மீது பதிவு இல்லை. கோரிக்கையை உரிய அலுவலரிடம் சேர்ப்பிக்க வேண்டும். நாள் கணக்கு அங்கும் அதேதான்.

மாகாணம் மாறினால் கணக்கும் மாறும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 45 நாள். அல்பெர்ட்டாவில் 2022ஆம் ஆண்டு 45 நாளை 60 ஆக்கினார்கள். எல்லை தாண்டி அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்குப் போனால் கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து 90 நாள். ஆகவே, "டொராண்டோவில் இருக்கும் என் மச்சான் சொன்னார்" என்று வேறு ஊரில் உள்ளவர் கணக்குப் போடக் கூடாது.

இந்தக் கெடு எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு ஒரு சான்று கூறுகிறேன். கொரோனாத் தொற்று பரவிய 2020ஆம் ஆண்டு, ஒன்டாரியோ அரசு மார்ச் 16 முதல் சட்டக் காலக்கெடுக்கள் அனைத்தையும் நிறுத்தி வைத்தது. பொதுவான வழக்குகளுக்கு அந்த நிறுத்தம் செப்டம்பர் நடுப்பகுதி வரை நீடித்தது. ஆனால், கட்டுமானச் சட்டத்துக்கு மட்டும் ஏப்ரல் 16ஆம் நாளே நாட்கள் மறுபடியும் ஓடத் தொடங்கிவிட்டன. உலகமே கதவடைத்து இருந்த வேளையிலும் ஒரு மாதத்துக்கு மேல் இந்தக் கணக்கு நிற்கவில்லை.

கொழுந்தனாரின் பதினெட்டாயிரம்

என் கணவரின் தம்பியும் இதே தொழிலில்தான் இருந்தார். 2016ஆம் ஆண்டு, ஒரு சிறிய கடைத் தொகுதியில் தரை முழுவதும் டைல்ஸ் பதிக்கும் வேலையை அவர் தனியாக எடுத்துச் செய்தார். வேலை கொடுத்த ஒப்பந்தக்காரர் நன்கு பழகியவர். எங்கள் வீட்டு விருந்துகளில் எங்களோடு அமர்ந்து உண்டவர். வேலை செப்டம்பர் 9ஆம் நாள் முடிந்தது. வர வேண்டிய பாக்கி 18,400 டாலர்.

கேட்கும்போதெல்லாம் "வீட்டுக்காரர் இன்னும் தரவில்லை, வந்தவுடன் முதல் காசோலை உனக்குத்தான்" என்பார் அந்த ஒப்பந்தக்காரர். கொழுந்தனாரும் நம்பினார். நம்பாமல் இருப்பது மரியாதையல்ல என்று எண்ணினார். அக்டோபர் 17ஆம் நாள் அழைத்து, இரண்டு டைல்ஸ் விரிசல் விட்டிருக்கிறது, வந்து மாற்றிக் கொடு என்றார்கள். போய் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். அக்டோபர் 24ஆம் நாள் 45ஆவது நாள். அந்த நாள் வந்ததும் போனதும் அவருக்குத் தெரியாது.

நவம்பர் நடுவில் தொலைபேசியை எடுப்பதையே அந்த ஒப்பந்தக்காரர் நிறுத்திக்கொண்டார். அதன் பிறகுதான் கொழுந்தனார் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கப் போனார். துணைக்கு என் கணவரும் நானும் சென்றோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாட்காட்டியைத் திருப்பினார். "மூன்று வாரத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டும்" என்றார்.

"டைல்ஸ் மாற்றப் போனேனே, அந்த நாளிலிருந்து எண்ணக் கூடாதா?" என்று கொழுந்தனார் கேட்டார். முடித்துக் கொடுத்த வேலையில் குறை நீக்கப் போவது புதிதாக வேலை செய்ததாகாது, அதை நம்பி நீதிமன்றம் போக முடியாது என்று அவர் விளக்கினார்.

திரும்பும் வழியில் காரில் எவரும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது கொழுந்தனார் மெல்லச் சொன்னார்: "மதினி, ஊரில் நோட்டு எழுதிக் கொடுத்தால் மூன்று வருஷம் செல்லும். இங்கே மூன்று மாதம்கூட இல்லையா?"

அந்தக் கேள்வியில்தான் முழுச் செய்தியும் அடங்கியிருக்கிறது. தாயகத்தில் கடன் பத்திரத்துக்கும் செய்த வேலையின் கூலிக்கும் 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி பொதுவாக மூன்றாண்டுகள். அந்த நீண்ட அளவுகோலை மனத்தில் சுமந்துகொண்டுதான் நம் மக்கள் கடல் கடந்து வருகிறார்கள். இங்கும் சாதாரணக் கடன் வழக்குக்கு இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. பற்றுரிமை போனாலும் கடன் போய்விடுவதில்லை. ஆனால், நிலத்தைப் பிடித்துக்கொண்டு கேட்பதற்கும் வெறுங்கையோடு நின்று கேட்பதற்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

கொழுந்தனார் 2017ஆம் ஆண்டு சிறு வழக்கு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அப்போது அங்கே 25,000 டாலர் வரை கோரலாம். தீர்ப்பும் அவருக்குச் சாதகமாகவே வந்தது. ஆனால், அதற்குள் அந்த ஒப்பந்தக்காரரின் நிறுவனத்தில் ஒன்றும் மிச்சமில்லை. வங்கிக் கணக்கு காலி, வாகனம்கூட வாடகை வாகனம். வேலைக்கென்று வீட்டுக்காரரிடமிருந்து பெற்ற பணம் கீழே உழைத்தவர்களுக்கான அமானிதம் என்றே இச்சட்டம் கருதுகிறது. அதை வேறு வழியில் செலவிட்டால் நிறுவனத்தை நடத்தியவரையே தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்கவும் வழி உண்டு. ஆயினும், அதை மெய்ப்பிக்க ஆகும் செலவையும் காலத்தையும் கேட்டபோது கொழுந்தனார் கையை உதறிவிட்டார். அந்த ஆண்டே தொழிலையும் விட்டார். இப்போது ஒரு சரக்குக் கிடங்கில் இரவு வேலை பார்க்கிறார். அவர் பதித்த டைல்ஸ் மீது இன்றும் மக்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

அதன் பிறகுதான் எங்கள் தொழிலின் கணக்குப் புத்தகம் என் கைக்கு வந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். அதன் தலைப்பில் கடைசியாக வேலை செய்த நாள், அதன் கீழே அறுபதாம் நாள், அதற்கும் கீழே தொண்ணூறு நாள் கூட்டிய நாள் என மூன்று தேதிகளை எழுதி வருகிறேன்.

பெருநாள் கழியட்டும்

2022ஆம் ஆண்டு அந்தப் புத்தகத்துக்குச் சோதனை வந்தது. ஒரு குடும்பத்தார் தங்கள் வீட்டை விரிவுபடுத்திக் கட்டினார்கள். ஒப்பந்தத் தொகை 1,40,000 டாலர். அதை எடுத்திருந்த ஒப்பந்தக்காரர் நம் சமுதாயத்தவர். என் கணவருக்கு நெடுநாள் நண்பர். குளியலறைகளும் சமையலறையும் இவர் பொறுப்பு. கடைசி வேலை மார்ச் 4ஆம் நாள் முடிந்தது. பாக்கி 11,600 டாலர். மகளின் கல்லூரிக் கட்டணமும் கூட வேலை செய்த மூவரின் சம்பளமும் அதில்தான் இருந்தன.

ரமலான் பிறந்தது. கேட்கப் போன என் கணவரிடம் அவர், "பெருநாள் கழியட்டும் காக்கா. இன்ஷா அல்லாஹ், ஒரு காசு குறையாமல் கொண்டுவந்து தருகிறேன்" என்றார். இவரும் சரியென்று திரும்பி வந்துவிட்டார்.

நான் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். பெருநாள் மே 2ஆம் நாள் வரும். அறுபதாம் நாள் மே 3. பெருநாள் கழிந்தால் எஞ்சியிருப்பது ஒரே ஒரு நாள்.

"அவர் வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டார்" என்றார் என் கணவர். நானும் அப்படித்தான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனால், அவருடைய எண்ணம் நல்லதா கெட்டதா என்று நாட்காட்டி பார்ப்பதில்லையே! "நோன்பு நாளில் ஒரு முஸ்லிம் சகோதரனுக்கு எதிராகப் பத்திரம் பதிவு செய்வதா?" என்று என் கணவர் மனம் கலங்கினார். "கொடுக்கல் வாங்கலில் தவணையைக் குறித்து எழுதிக்கொள்ளுங்கள் என்றுதானே நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது? எழுதுவது பகைமை என்று எங்கும் கூறப்படவில்லையே" என்றேன். இரண்டு இரவுகள் இதைப் பற்றியே பேசினோம். இறுதியில் அவர் நண்பரைத் தொலைபேசியில் அழைத்து, மே 3க்குள் பணம் வராவிட்டால் எங்கள் உரிமை போய்விடும், ஆகவே பதிவு செய்யப் போகிறோம், பணம் வந்த அன்றே நீக்கிவிடுவோம் என்று வெளிப்படையாகவே கூறிவிட்டார். மறுமுனையில் பதில் இல்லை. இணைப்பு அறுந்தது.

ஏப்ரல் 22ஆம் நாள், நாற்பத்தொன்பதாம் நாளில், வழக்கறிஞர் மூலம் பதிவு செய்தோம்.

மறுபக்கம் ஒரு வீடு

நான்கு நாட்கள் கழித்து ஒரு பெண்மணி என்னை அழைத்தார். அந்த வீட்டின் தலைவி. வயது முதிர்ந்த குரல். "நாங்கள் அவருக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டோமே. எங்கள் வீட்டின் மீது ஏன் அம்மா எழுதினீர்கள்?" என்று அழுதார். அடமானக் கடனை மாற்றி எழுத இருந்த வங்கி, பற்றுரிமையைக் கண்டவுடன் நிறுத்திவிட்டதாம். எனக்குத் தொண்டை அடைத்தது. நாங்கள் கேட்டது எங்கள் கூலியை. அடி விழுந்தது எங்களை அறியாத ஒரு வீட்டில்.

வீடு கட்டுகின்ற சகோதரிகள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஒன்டாரியோ சட்டப்படி, வேலை கொடுத்தவர் ஒவ்வொரு முறை பணம் கொடுக்கும்போதும் அதில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். கீழே உழைத்தவர்களின் பற்றுரிமைக் காலம் கழியும் வரை அந்தப் பிடித்தத் தொகை அவர்களுக்கு அரணாக நிற்கும். சாதாரணமாக வீட்டுக்காரரின் பொறுப்பும் அந்தப் பத்து விழுக்காட்டோடு முடிந்துவிடும். பிடித்து வைத்தவருக்கு நஷ்டமில்லை. பிடிக்காமல் முழுவதையும் கொடுத்துவிட்டவர், அந்தப் பத்து விழுக்காடு வரை தம் கையிலிருந்து மறுபடியும் கொடுக்க நேரிடலாம். அந்த அம்மையார் 14,000 டாலர் பிடித்து வைத்திருக்க வேண்டும். அவரிடம் அதை எவரும் சொல்லவில்லை. ஒப்பந்தக்காரரின் முகத்துக்காக முழுவதையும் கொடுத்துவிட்டார்கள்.

அன்று மாலை அவருக்கு நானே எல்லாவற்றையும் விளக்கினேன். தமக்கென ஒரு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளுமாறும் கூறினேன். அவசரமென்றால், எங்கள் கோரிக்கைத் தொகையையும் செலவுக்கு ஈடாக அதன் 25 விழுக்காட்டையும் நீதிமன்றத்தில் கட்டி, வீட்டின் மீதுள்ள பதிவை நீக்கிக்கொள்ள வழி உண்டு என்பதையும் எடுத்துரைத்தேன். அவர்கள் அந்த வழிக்குப் போகவில்லை, ஒப்பந்தக்காரரையே நெருக்கினார்கள்.

எங்களுக்கு அடுத்த கெடு ஆகஸ்ட் 1. அன்று இங்கே பொது விடுமுறை. அதனால் ஜூலை நடுவிலேயே வழக்குத் தொடுத்துவிட வேண்டும் என்று வழக்கறிஞர் கூறியிருந்தார். அந்தத் தேவை எழவில்லை. ஜூன் மாத இறுதியில் 11,600 டாலரும் வந்து சேர்ந்தது. வந்த அன்றே பற்றுரிமையை நீக்கினோம். அந்த அம்மையாருக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னேன். "நல்லா இருங்க" என்று மட்டும் கூறினார்.

நண்பரைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். பள்ளிவாசலில் எதிர்ப்பட்டால் அவரும் என் கணவரும் ஸலாம் சொல்லிக்கொள்கிறார்கள். அதற்கு மேல் பேச்சில்லை. அந்தப் பணத்துக்கு இது விலையா என்று என் கணவர் சில வேளைகளில் கேட்பார். அப்போது கொழுந்தனாரின் முகம் என் கண் முன் வந்து நிற்கும். நட்பைக் காப்பாற்றுவதற்காகக் கெடுவைத் தவறவிட்ட அவருக்கு நட்பும் மிஞ்சவில்லை, பணமும் மிஞ்சவில்லை.

அறிந்து வைக்க வேண்டியவை

அனுபவத்தில் கற்ற சிலவற்றை இத்தொழிலில் உள்ள குடும்பங்களுக்காக இங்கே தொகுத்துக் கூறுகிறேன்.

வேலை தொடங்குமுன் அந்த இடத்தின் முழு முகவரியையும் உரிமையாளரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் இவற்றைத் தேடி அலைவதிலேயே பல நாட்கள் வீணாகின்றன. ஒப்பந்த விவரங்களையும் கணக்கு நிலையையும் எழுத்தில் கேட்டால், 21 நாட்களுக்குள் அவர்கள் தெரிவித்தாக வேண்டும்.

கடைசியாக வேலை செய்த நாளுக்குச் சான்று வைத்திருங்கள். தேதியுடன் புகைப்படம், பொருள் இறக்கிய சீட்டு, ஆட்களின் வேலை நேரக் குறிப்பு ஆகியவை போதும்.

பற்றுரிமையை விட்டுக் கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தாலும் அஞ்ச வேண்டாம். ஒன்டாரியோவில் அந்த வாசகம் செல்லாது.

கோரிக்கைத் தொகையை ஒரு டாலர்கூட ஏற்றி எழுதாதீர்கள். வேண்டுமென்றே மிகைப்படுத்திப் பதிவு செய்தவர் அதனால் விளைந்த நஷ்டத்தை ஈடு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். நம் உரிமை நியாயமாக இருப்பதுபோல் நம் கணக்கும் நேர்மையாக இருக்க வேண்டாமா?

2019 அக்டோபர் 1 முதல் வேறொரு பாதுகாப்பும் கிடைத்திருக்கிறது. முறையான பில் கிடைத்த 28 நாட்களுக்குள் வீட்டுக்காரர் முதல் ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டும். தர மறுத்தால், 14 நாட்களுக்குள் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பணம் கிடைத்த 7 நாட்களுக்குள் அவர் தமக்குக் கீழே உழைத்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும். தகராறு என்றால், நீதிமன்றத்துக்குப் போகாமல் விரைவில் தீர்ப்புச் சொல்லும் நடுவரையும் நாடலாம். ஆனால், நடுவர் முன் விசாரணை நடக்கிறது என்ற நம்பிக்கையில் அறுபதாம் நாளை மறந்துவிடக் கூடாது. 2026 ஜனவரி 1 முதல், பிடித்தத் தொகையை ஆண்டுதோறும் விடுவிக்க வேண்டும் என்பது போன்ற மேலும் சில மாற்றங்களும் வந்திருக்கின்றன. சட்டம் மாறிக்கொண்டே இருப்பது. ஆகவே, ஐயம் எழுந்தவுடன், கெடுவுக்குப் பல நாட்கள் முன்னதாகவே, வழக்கறிஞரைக் கலந்துகொள்வதே அறிவுடைமை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. இப்போதெல்லாம் என் கணவர் வேலை ஒப்புக்கொள்ளும் முதல் நாளே, பேச்சோடு பேச்சாகக் கூறிவிடுகிறார்: "வேலை முடிந்து நாற்பதாவது நாள் நினைவூட்டுவேன். ஐம்பதாவது நாள் பதிவு செய்வேன். இது எல்லாருக்கும் பொதுவான வழக்கம். தவறாக எண்ண வேண்டாம்." பகை முளைத்த பின்னர் கெடுவைச் சொன்னால் அது மிரட்டலாகத் தோன்றும். உறவு நன்றாக இருக்கும்போதே சொன்னால் அது வெறும் தொழில் ஒழுங்கு. சென்ற ஆண்டு ஒரு புதிய ஒப்பந்தக்காரரிடம் இப்படிக் கூறியபோது அவர் சிரித்துவிட்டு, "என் மனைவியும் இதே கணக்குத்தான் எழுதுகிறாள்" என்றாராம். வேலை முடிந்து முப்பத்திரண்டாம் நாள் அவருடைய காசோலை எங்கள் வீட்டுத் தபால் பெட்டியில் இருந்தது.